வீட்டில் தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால்: முதலில் கதவைத் திறந்து வையுங்கள்

கேட்டவருக்கு 57 வயது. மடிப்பாக்கத்தில் லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறார். மனைவி பேரனைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருந்தால் பிழைத்துவிடலாம் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். அது உண்மையா, இல்லையென்றால் வேறு என்ன செய்வது என்பது அவருடைய கேள்வி.

நான் டாக்டர் இல்லை. சென்னையில் ஒரு மருத்துவமனையின் இதய தீவிர சிகிச்சைப் பிரிவில் 24 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஸ்ட்ரெச்சரில் வந்து இறங்குகிறவரிடம் "வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?" என்று கேட்டு கேஸ் ஷீட்டில் எழுதுவது என் வேலைகளில் ஒன்று. அதற்கு வந்த பதில்களை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் இருமல். அதை மறந்துவிடுங்கள். இது வாட்ஸ்அப் காலத்துச் சரக்குகூட இல்லை, 1999லேயே மின்னஞ்சலில் சுற்ற ஆரம்பித்த பழைய கதை. நம்புவதற்காக அமெரிக்காவில் உள்ள ராச்செஸ்டர் ஜெனரல் மருத்துவமனையின் பெயரையும் ஒட்டியிருந்தார்கள், எங்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று அவர்கள் மறுத்தும் கதை நிற்கவில்லை. கொஞ்சம் வேர் இருக்கத்தான் செய்கிறது. 1976ல் கிரைலி என்ற அமெரிக்க இதய மருத்துவரும் அவர் குழுவினரும், ஆஞ்சியோகிராம் மேஜையில் படுத்திருப்பவருக்குத் திடீரென்று துடிப்பு தாறுமாறாகும்போது அந்த நொடியிலேயே விடாமல் இருமச் சொன்னால், ஷாக் கொடுக்கும் வரைக்கும் சில நொடிகள் நினைவு தப்பாமல் தாக்குப்பிடிக்கிறார் என்று எழுதினார்கள். அங்கே மானிட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, தலைமாட்டில் டாக்டர் நிற்கிறார், ஷாக் மெஷின் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. மடிப்பாக்கத்து ஹாலில் இது எதுவும் இல்லை.

இன்னொரு குழப்பமும் இதற்குள் இருக்கிறது. மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு. மாரடைப்பில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொள்கிறது, இதயம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, நீங்கள் பேசலாம், யோசிக்கலாம், போன் செய்யலாம். இதயம் நின்றுபோனால் பத்துப் பதினைந்து நொடியில் நினைவு போய்விடும், இருமவெல்லாம் நேரம் கிடைக்காது. அப்போது பக்கத்தில் இருக்கிற வேறு ஒருவர்தான் மார்பை அழுத்த வேண்டும். மாரடைப்பு வந்த முதல் ஒரு மணி நேரத்தில் முதலாவது இரண்டாவதாக மாறும் ஆபத்து அதிகம் என்பதால்தான் அவசரப்படுகிறோம். ஆக, இருமலாமா என்று யோசிக்கிற அளவுக்குத் தெளிவு இருந்தால் 108ஐ அழுத்தும் அளவுக்கும் தெளிவு இருக்கிறது என்று அர்த்தம். தனியாக இருப்பவர் அந்த நிமிடத்தில் செய்யக்கூடிய ஒரே உருப்படியான காரியம், தனியாக இருப்பதை நிறுத்துவதுதான்.

இனி அந்தப் பதில்களுக்கு வருகிறேன். "ராத்திரி பதினொரு மணிக்கு வந்தது சிஸ்டர், கேஸ் என்று நினைத்தேன்." இதை நான் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கே இல்லை. பதினொரு மணிக்கு ஆரம்பித்து, ஜெலுசில், ஈனோ, சோடா, ஓமத் தண்ணீர், அப்புறம் பூண்டு தட்டிப் போட்ட பால் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, விடியட்டும் என்று காத்திருந்து, ஆறரை மணிக்கு வருவார்கள். இதயத்தின் தசை ரத்தம் இல்லாமல் இருபது முப்பது நிமிடத்திலேயே சாக ஆரம்பிக்கும், ஆறு மணி நேரம் ஆகிவிட்டால் அந்தப் பகுதியில் காப்பாற்ற மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். ஒருவர் குளித்து, வேட்டி மாற்றி, திருநீறு பூசிக்கொண்டு, நிதானமாக ஆட்டோ பிடித்து வந்தார். அவரைப் பார்த்தால் கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவர் மாதிரி இருந்தது. ஈசிஜி எடுத்த டெக்னீஷியன் பையன் பேப்பரைக் கிழித்துக்கொண்டே ஓடினான். இன்னொரு அம்மா, தண்ணி லாரி வரும் நாள் என்பதால் எல்லாக் குடமும் நிரப்பி வைத்துவிட்டுத்தான் மகனிடமே சொல்லியிருக்கிறார்.

கேஸ் வலியா மாரடைப்பா என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. எங்களாலும் முடியாது, அதற்காகத்தான் ஈசிஜியும் ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையும் இருக்கின்றன. ஆனால் சில அடையாளங்கள் உண்டு. நடு நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி பாரம், இறுக்கம், எரிச்சல். விரலால் தொட்டு "இங்கே" என்று காட்ட முடியாது, உள்ளங்கையை விரித்து நெஞ்சு முழுக்கத் தடவிக் காட்டுவார்கள். அது இடது தோள், கை, தாடை, முதுகு என்று பரவலாம். வலது கைக்கும் போகலாம். கூடவே சட்டை நனைகிற மாதிரி குளிர்ந்த வேர்வை. ஃபேன் ஓடுகிறது, வேலை எதுவும் செய்யவில்லை, ஆனால் தொப்பலாக நனைந்திருக்கிறார் என்றால் எனக்கு வலியைவிட அந்த வேர்வைதான் பயம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் நெஞ்சு வலியே பெரிதாக இல்லாமல் மூச்சுத் திணறல், வாந்தி, காரணமில்லாத அசதி, மேல்வயிற்று வலி என்று மட்டும் வரலாம். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை, இருந்தால் இந்த வரியை இரண்டு முறை படியுங்கள். இந்த மாதிரி ஒன்று ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால், அல்லது விட்டு விட்டு வந்தால், அதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டாம். கேஸ் என்று தெரிந்து திரும்பி வந்தால் ஒரு ராத்திரித் தூக்கம்தான் நஷ்டம்.

சரி, என்ன செய்வது. போனை எடுத்து 108. உடனே லைன் கிடைக்கவில்லையென்றால் 112. ஸ்பீக்கரில் போட்டுவிடுங்கள், கை ஒழியும். "நெஞ்சு வலி, வேர்க்கிறது, வீட்டில் தனியாக இருக்கிறேன்" என்று அந்த மூன்றையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டு விலாசத்துக்குப் போங்கள். சென்னையில் விலாசம் சொல்வது ஒரு தனிக் கலை. பழைய எண் 14, புதிய எண் 31 என்று இரண்டு எண் இருக்கும், தெருவுக்கு ஒரு பெயர் இருக்கும், அதே பெயரில் பக்கத்து நகரில் இன்னொரு தெருவும் இருக்கும். அதனால் எண்ணைவிட முக்கியம் அடையாளம்: எந்த மெயின் ரோட்டில் திரும்ப வேண்டும், எந்தக் கோயில், எந்த ரேஷன் கடை, எத்தனையாவது மாடி, லிஃப்ட் இல்லை. இந்த நான்கு வரியை இன்றைக்கே ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டுங்கள். முப்பது வருடம் குடியிருந்த தெருவின் பெயர் அந்த நேரத்தில் வாயில் வராது.

அடுத்தது கதவு. தலைப்பில் அதை முதலாவதாகப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் மரக்கதவு, அதற்கு வெளியே கிரில் கேட், கிரில் கேட்டுக்கு ஒரு பூட்டு. உள்ளே ஒருவர் நினைவில்லாமல் கிடக்க, வெளியே ஆம்புலன்ஸ் பையன்கள் பூட்டை உடைக்க ஆள் தேடிக்கொண்டிருந்த கதையை அவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். போன் பேசிக்கொண்டே போய் இரண்டையும் திறந்து விட்டுவிடுங்கள். வழியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள், வாசல் விளக்கைப் போடுங்கள். இதற்கு மேல் வீட்டுக்குள் நடக்க வேண்டாம். பீரோவைத் திறந்து இன்ஷூரன்ஸ் கார்டு தேடுவது, சட்டை மாற்றுவது, பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைப்பது, எதுவும் வேண்டாம்.

பாத்ரூம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், யாரும் இதைப் பேசுவதில்லை. மாரடைப்பின்போது பலருக்கு வயிறு கலக்கும், உடனே கழிவறைக்குப் போக வேண்டும் போலத் தோன்றும். போய், தாழ்ப்பாள் போட்டு, முக்கினால் ரத்த அழுத்தமும் துடிப்பும் சட்டென்று இறங்கி அங்கேயே விழுந்துவிடலாம். "பாத்ரூமில் விழுந்துவிட்டார்" என்று நாம் கேள்விப்படும் மரணங்களில் எத்தனை முதலில் விழுந்தவை, எத்தனை முதலில் மாரடைப்பு என்று யாருக்குத் தெரியும். தாங்கவே முடியாவிட்டால் தாழ்ப்பாள் போடாமல் போங்கள். துணி நனைந்தால் நனையட்டும், எங்களுக்கு அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை.

கதவைத் திறந்தபின் அதன் பக்கத்திலேயே தரையில், சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலை மடக்கி உட்காருங்கள். நாற்காலியைவிடத் தரை நல்லது, மயக்கம் வந்தாலும் விழுவதற்கு உயரம் இல்லை. மூச்சுத் திணறல் இருந்தால் மல்லாந்து படுக்க வேண்டாம், அது இன்னும் கூடும். தலை சுற்றிக் கண் இருட்டினால் மட்டும் அப்படியே சாய்ந்து படுத்துவிடுங்கள். அங்கிருந்தே பக்கத்து வீட்டுக்காரருக்கோ, கீழ் வீட்டுக்கோ, வாட்ச்மேனுக்கோ போன் செய்யுங்கள், எடுக்கவில்லையென்றால் திறந்த கதவு வழியாகக் கத்துங்கள். மகளுக்கும் மனைவிக்கும் அப்புறம் சொல்லலாம். கேட்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் அவர்களால் அங்கிருந்து செய்யக்கூடியது குறைவு, மாடிப்படியில் ஓடி வரக்கூடியவர்தான் முதலில் வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு எப்படி எழுப்புவது என்ற சங்கோஜம் நம் ஆட்களுக்கு நிறைய. எதிர் வீட்டுக்காரரோடு தண்ணீர்த் தொட்டி விவகாரத்தில் ஒரு வருடமாகப் பேச்சுவார்த்தையே இல்லாத ஒருவர், அவர் கதவைத் தட்டாமல் மூன்று மாடி தானே இறங்கிப் போய்த் தெருவில் சரிந்தார். அந்தப் படிகள்தான் அவருக்குப் பெரிய கேடு. அடைத்துக்கொண்ட இதயத்துக்கு ஒவ்வொரு அடியும் வேலை. நீங்களும் மூன்றாவது மாடி என்பதால் சொல்கிறேன், நீங்களாக இறங்கவே கூடாது. உங்களைத் தூக்கிக்கொண்டு இறங்குவது ஆம்புலன்ஸ்காரர்கள் பாடு.

வண்டி ஓட்டிக்கொண்டு போவது அதைவிட மோசம். ஸ்கூட்டரில் போகும்போது நினைவு தப்பினால் உங்களோடு இன்னொருவரும் சாவார். ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்கும்போது வலி வந்தால் ஓரம் கட்டி, ஹசார்ட் லைட்டைப் போட்டு, கதவுப் பூட்டை எடுத்துவிட்டு, போகிற வருகிறவரைக் கூப்பிடுங்கள். டீக்கடைப் பக்கமாக நிறுத்த முடிந்தால் நல்லது, சென்னையில் டீக்கடை வாசலில் ஆளில்லாத நேரம் ஏது.

இப்போது மாத்திரை. ஆஸ்பிரின் ஒன்றுதான் வீட்டிலேயே நீங்கள் செய்துகொள்ளக்கூடிய உண்மையான வைத்தியம். 1988ல் வெளியான ஐசிஸ்-2 என்ற ஆய்வில், மாரடைப்பு என்று சந்தேகப்பட்ட 17,000க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள். ஆஸ்பிரின் கொடுத்தவர்களிடம் ஐந்து வாரத்துக்குள் ஏற்படும் இறப்பு கிட்டத்தட்ட கால்வாசி குறைந்தது. ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் மாத்திரைக்கு இது பெரிய விஷயம். அளவு 300 மில்லிகிராம் சுமார். கரையும் டிஸ்பிரின் ஒன்று, அல்லது ஈக்கோஸ்பிரின் 150 என்றால் இரண்டு, 75 என்றால் நான்கு. முழுங்கக் கூடாது, நன்றாக மென்று தின்ன வேண்டும். ஈக்கோஸ்பிரின் மேல் பூச்சு உள்ள மாத்திரை, அப்படியே முழுங்கினால் குடலுக்குப் போன பிறகுதான் கரையும். கசக்கும், பரவாயில்லை. ஒரு வாய் தண்ணீர் போதும். டோலோ, குரோசின், காம்பிஃபிளாம் எதுவும் ஆஸ்பிரின் கிடையாது, வலி மாத்திரை என்று அவற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆஸ்பிரின் அலர்ஜி இருந்தால், வயிற்றில் புண் வந்து ரத்தம் கசிந்திருந்தால், முன்பு மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டிருந்தால் போடக் கூடாது. வாய் கோணுகிறது, ஒரு பக்கக் கை கால் விளங்கவில்லை என்றால் அது பக்கவாதமாக இருக்கலாம், அப்போதும் கூடாது. ரத்தத்தை நீர்த்துப்போக வைக்கும் மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறவர் 108ல் பேசுகிறவரிடம் அதைச் சொல்லிவிட்டுச் செய்யட்டும். முக்கியமாக, போன் முதலில், மாத்திரை பிறகு. வீட்டில் ஆஸ்பிரின் இல்லையென்றால் அதை வாங்க மெடிக்கலுக்கு இறங்காதீர்கள்.

நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை விஷயத்தில் எனக்கும் பலருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. பர்ஸில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறார்கள். உங்கள் டாக்டர் உங்களுக்கென்று எழுதிக் கொடுத்திருந்தால் சரி, உட்கார்ந்த நிலையில் நாக்குக்கு அடியில் வையுங்கள். எழுதிக் கொடுக்காதவர் தொட வேண்டாம். அது ரத்த அழுத்தத்தை இறக்கும், சில வகை மாரடைப்பில் அழுத்தம் ஏற்கெனவே தரையில் கிடக்கும், அதில் இதையும் வைத்தால் ஆள் சரிந்துவிடுவார். வயாகரா வகை மாத்திரைகளைச் சமீபத்தில் சாப்பிட்டவருக்கு இன்னும் ஆபத்து. கூச்சப்பட்டு அதை மறைப்பார்கள், மனைவி பக்கத்தில் நிற்கும்போது நாங்கள் கேட்டால் "இல்லை" என்பார்கள். தயவுசெய்து சொல்லிவிடுங்கள். மிளகாய்த்தூளைத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பது, முழங்கை மடிப்பில் பளார் பளாரென்று அடிப்பது இவை பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

தமிழக அரசு 2023ல் இதயம் காப்போம் திட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ நெஞ்சு வலியோடு வருகிறவருக்கு ஆஸ்பிரின் இரண்டு, க்ளோபிடோக்ரெல் நான்கு, அடார்வாஸ்டாட்டின் எட்டு என்று 14 மாத்திரையைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள். நல்ல திட்டம், கிராமங்களில் இதன் அருமை இன்னும் அதிகம். இதைப் பார்த்து 14 மாத்திரையையும் நீங்களே பொட்டலம் கட்டி வைத்துக்கொள்ள வேண்டாம், எது யாருக்கு என்று பார்க்க அங்கே ஆள் இருக்கிறார்.

எந்த மருத்துவமனை என்பதை இப்போதே முடிவு செய்து வையுங்கள். கேத் லேப், அதாவது ஆஞ்சியோகிராம் செய்யும் அறை இருக்க வேண்டும், அடைத்த குழாயைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியை 24 மணி நேரமும் செய்ய வேண்டும், இந்த இரண்டையும் ஒரு பகல் நேரத்தில் போன் செய்து கேட்டுவிடலாம். போய்ச் சேர்ந்து 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறப்பதுதான் இலக்கு. அரசு மருத்துவமனை என்றால் சென்ட்ரல் எதிரே ஜி.ஹெச், வட சென்னைக்கு ஸ்டான்லி, அரசினர் தோட்டத்தில் ஓமந்தூரார். காசு பற்றித் தயங்கி அரை மணி நேரம் வீட்டில் கணக்குப் போடுகிறவர்களும் உண்டு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அதன் எண்ணைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பக்கத்துத் தெரு லேபுக்கு நடந்துபோய் ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்துவிடலாம் என்பது நம் ஊரில் பெரிய பொறி. முதல் ஈசிஜி நார்மலாக இருந்து ஒரு மணி நேரம் கழித்து மாறுவது எங்களுக்குச் சாதாரணம். பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குத் திரும்பியவர்களை நாங்கள்தான் பிறகு பார்த்தோம். ஆம்புலன்ஸ் வர ரொம்ப நேரமாகும் என்று சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் காரில் போகலாம், ஓட்டுகிறவர் தவிர இன்னொருவர் உங்களோடு பின்சீட்டில் இருக்கட்டும்.

போனிலும் கொஞ்சம் வேலை இருக்கிறது. ஆண்ட்ராய்டில் பவர் பட்டனைத் தொடர்ந்து ஐந்து முறை அழுத்தினால் அவசர அழைப்பு போகும்படி செட்டிங்ஸில் வைத்துக்கொள்ளலாம், ஐபோனிலும் இதேபோல உண்டு. லாக் செய்த திரையிலேயே தெரிகிற மாதிரி ரத்த வகை, சாப்பிடும் மாத்திரை, இரண்டு பேர் எண் போட்டு வைக்கலாம். மகளை வீடியோ காலில் கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் செய்து கொடுப்பாள். ராத்திரி படுக்கும்போது போன் ஹாலில் சார்ஜில் கிடக்கக் கூடாது, கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஆஸ்பிரினும் அதன் பக்கத்திலேயே, வருடத்துக்கு ஒரு முறை தேதி பார்த்து மாற்றிக்கொண்டு.

அப்புறம் தினமும் காலை ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு மனைவிக்கு ஒரு குட்மார்னிங் அனுப்புங்கள், ஏழரை மணிக்குள் வரவில்லையென்றால் அவர் கீழ் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும் என்று பேசி வையுங்கள். அந்த ரோஜாப்பூ படங்களுக்கு இப்படி ஒரு உபயோகமாவது இருக்கட்டும்.

நானும் கொளத்தூரில் தனியாகத்தான் இருக்கிறேன், 61 ஆகிறது. என் கிரில் கேட் சாவி ஒன்று எதிர் ஃபிளாட் பெரியம்மாவிடம் இருக்கிறது, இன்னொன்று கீழே இஸ்திரி வண்டி வைத்திருக்கும் தம்பியிடம், காலை ஏழிலிருந்து இரவு எட்டு வரை அவர் அங்கேயேதான் இருப்பார். பெரியம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் ராத்திரிக்கு மூன்றாவதாக ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் உங்கள் கீழ் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.